வால்நட் தெருப் பாலம், சாட்டனூகா

டென்னசி ஆற்றின் குறுக்கே 1891-இல் கட்டி முடிக்கப்பட்ட இப்பாலம் 2,376 அடி நீளமுடையது. நகர மையத்தை வடகரையுடன் இணைக்கிறது. 1978-இல் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. இடிக்கப்படாமல் தப்பி, 1993-இல் நடைபாலமாகத் திறக்கப்பட்டது.

கறுப்பின மக்கள் கும்பல் வன்முறைக்குப் பலியான இடமும் இதுவே. 1893-இல் ஆல்ஃபிரட் பிளவுண்ட் இங்கு தூக்கிலிடப்பட்டார். 1906-இல், வன்புணர்வுக் குற்றச்சாட்டில் மரண தண்டனை பெற்றிருந்தவர் எட் ஜான்சன். அவருக்காகக் கறுப்பின வழக்கறிஞர்கள் நோவா பார்டனும் ஸ்டைல்ஸ் ஹட்சின்ஸும் வாதாடினர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது. மார்ச் 19 இரவு ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து, ஜான்சனை இழுத்துவந்து இப்பாலத்தில் கொன்றது. சிறையில் காவல் பெயரளவுக்கே இருந்தது.

நீதிமன்ற அவமதிப்புக்காக, சிறைக்குப் பொறுப்பான ஷெரீஃப் ஜோசப் ஷிப்பை உச்ச நீதிமன்றமே விசாரித்து, 1909-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. அந்நீதிமன்றம் நேரடியாக நடத்திய ஒரே குற்றவியல் விசாரணை இது. விதித்த தண்டனையோ 90 நாள் சிறை.

ஜான்சன் மீதான தீர்ப்பு 2000-இல் நீக்கப்பட்டது. பாலத்தின் தென்முனையில் அவருக்கும் இரு வழக்கறிஞர்களுக்கும் 2021-இல் சிலைகளுடன் நினைவிடம் திறக்கப்பட்டது.