சக்கைக்கும் ஒரு கணக்கு உண்டு

பள்ளிப்பட்டுக் கரும்பைத் திருவாலங்காடு கூட்டுறவு ஆலைக்கு அனுப்பி, எடை போட்டுப் பணம் வாங்கியதும் நம் கணக்கு முடிந்தது. சக்கையின் கணக்கு வேறு. கரூர் காகிதபுரத்தில் தமிழக அரசின் டி.என்.பி.எல். நிறுவனம் 1984 முதல் சக்கையில் காகிதம் செய்கிறது. சக்கை கழுவிய நீர் திறந்த குட்டையில் கிடந்தால் மீத்தேன் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல சுமார் 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். அதைக் கலனில் பிடித்து, உலை எண்ணெய்க்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சூளையில் எரிக்கிறார்கள். எண்ணெய்ச் செலவு மிச்சம், ஐ.நா. திட்டத்தில் பதிந்ததால் கார்பன் சான்றும் கிடைத்தது. ஆனால், சக்கையைக் கொடுத்த சர்க்கரை ஆலை கொதிகலனுக்கு நிலக்கரி போட்டால், புகை இடம் மாறியதுதான்!

சான்று கலன் வைத்தவர் பெயரில்தான். உங்களிடம் யாராவது கார்பன் ஒப்பந்தம் நீட்டினால், சான்று யார் பெயரில், எத்தனை வருஷம், சரிபார்ப்புச் செலவு யாருடையது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.