வெளிச்சம் குறைந்த தொட்டிக்கு ஏற்ற செடிகள்

ஹால் மூலையில் ஒரு இரண்டடி மீன் தொட்டி. ஜன்னல் எட்டத்தில் இருக்கிறது. மூடியோடு வந்த சின்ன லைட்தான் வெளிச்சம். பிளாஸ்டிக் செடியை எடுத்துப் போட்டுவிட்டு நிஜச் செடி வைக்க ஆசைப்பட்டு, கடையில் அழகாகத் தெரிந்ததை வாங்கி நட்டால், ஒரு மாதத்தில் இலை கரைந்து தண்டு மட்டும் மிதக்கிறது. “நம்ம வீட்டுல வெளிச்சம் பத்தாது, செடி வராது” என்று அத்தோடு முடிவு கட்டிவிட்டவர்கள் நிறையப் பேர். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுவோம். வெளிச்சம் பத்தாமல் அந்தச் செடிகள் செத்தது உண்மைதான். அதற்காகப் பெரிய லைட் வாங்க வேண்டியதில்லை. செடியை மாற்றினால் போதும்.

செடியின் வரவு செலவை முதலில் பார்ப்போம். வெளிச்சம் இருக்கும் நேரத்தில் செடி சர்க்கரை தயாரிக்கிறது, அது வரவு. இரவும் பகலும் ஓயாமல் சுவாசிக்கிறது; அதற்குச் சர்க்கரை செலவாகிறது. மிச்சம் விழுந்தால் புது இலை வரும். துண்டு விழுந்தால் பழைய இலையிலிருந்து எடுத்துச் சாப்பிட்டு, அதுவும் தீர்ந்ததும் செத்துவிடும். கடையில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு இலைச் செடிகளுக்கும், தரையில் புல்போலப் படரும் சின்னச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கும் செலவு அதிகம். காட்டு ஓடையோரம் மரநிழலில் பிறந்த செடிகள் சிக்கனமானவை. மெதுவாகத்தான் இலை விடும், ஆனால் விட்ட இலையை நெடுநாள் வைத்துக் காப்பாற்றும். உங்கள் மூலைத் தொட்டிக்கு வேண்டியவை இவைதான்.

லைட்டையே கூட்டினால் என்ன என்று கேட்கலாம். எல்லோரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். தொட்டி கெடுவதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. செடிக்கு வெளிச்சம் மட்டும் போதாது, கரியமில வாயுவும் வேண்டும். அந்த வாயு காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்கு வேகத்தில்தான் தண்ணீரில் பரவுகிறது. மீன் விடும் மூச்சிலும் கழிவு மக்குவதிலும் கிடைப்பது கொஞ்சம்தான். வெளிச்சம் ஏறினால் செடி அந்தக் கொஞ்சத்தையும் சீக்கிரம் தீர்த்துவிட்டு நிற்கும். மிச்சமிருக்கும் வெளிச்சமும் உரச்சத்தும் பாசிக்குப் போகும். கண்ணாடியில் பச்சைப் புள்ளி, இலை விளிம்பில் கறுப்புத் தாடிபோலத் தொங்கும் பாசி எல்லாம் இப்படி வருபவை. பெரிய விளக்கு வைத்துப் பச்சைப் பசேல் என்று தொட்டி வளர்ப்பவர்கள் கூடவே சிலிண்டர் வைத்துக் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். அது வேறு வழி, வேறு செலவு. வெளிச்சம் குறைவாக இருந்தால் வெளிச்சம், கரியமில வாயு, உரச்சத்து மூன்றும் தாமாகவே ஒத்துப்போகும் என்பதுதான் மூலைத் தொட்டிக்கு இருக்கும் பெரிய வசதி.

குறைவு என்றால் எவ்வளவு? இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் சுமார் 54 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் வரை குறைந்த வெளிச்சம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் 9 வாட் வெள்ளை எல்இடி பல்ப் ஏறத்தாழ 900 லூமன் தரும். அட்டையில் 6500கே என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. ஆக, ஒரு பல்ப் போதும். நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள். டிவி பார்க்கும் வரை லைட் எரிவதுதான் பாதி வீடுகளில் பாசிக்குக் காரணம். ஜன்னல் வெயில் நேராகத் தொட்டியில் விழக் கூடாது. தொட்டி ஓரடிக்கு மேல் ஆழமாக இருந்தால் அடியில் வெளிச்சம் வெகுவாகக் குறையும், அதையும் நினைவில் வையுங்கள்.

இனி செடிகள். என் முதல் ஓட்டு கிரிப்டோகரைனுக்கு. நம் சேம்பும் கருணையும் சேர்ந்த அதே குடும்பம். கடைகளில் அதிகம் கிடைக்கும் கிரிப்டோகரைன் வெண்ட்டி இனம் இலங்கைக்கே உரியது. அங்கே நிழலான ஓடைகளில் வளர்வது. பழுப்பு, பச்சை, செம்பு என்று பல நிறத்தில் வரும். இதன் உறவுச் செடி ஒன்று உங்களுக்கு வேறு வழியில் தெரிந்திருக்கலாம்: நாட்டுமருந்துக் கடையில் நாட்டு அதிவிடயம் என்று விற்பது கிரிப்டோகரைன் ஸ்பைராலிஸ் செடியின் கிழங்குதான். கடல் தாண்டி வந்த அபூர்வச் செடி என்று இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் பக்கத்து மண்ணும் நீரும் பழகிய குடும்பம் இது.

கிரிப்டோகரைனை நட்டால் ஒன்று நடக்கும்; அதற்குத் தயாராக இருங்கள். நட்ட முதல் ஓரிரு வாரத்தில் இலை விளிம்பு கண்ணாடிபோல ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும். பிறகு இலை குழைந்து, தொட்டால் கையோடு வரும். சில சமயம் மண்ணுக்கு மேல் ஒன்றுமே மிஞ்சாது. செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். பிடுங்கும்போது வேர் வெள்ளையாக, உறுதியாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. செடிப் பண்ணைகளில் இவற்றைப் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். அப்படி வளர்த்தால் வேகமாக வரும், பாசியும் நத்தையும் ஒட்டாது. காற்றுக்கென்று வளர்ந்த இலை தண்ணீருக்குள் பயன்படாது. அதைக் கழித்துவிட்டு, தண்ணீருக்கென்று மெல்லிய புது இலையைச் செடி செய்துகொள்கிறது. குழைந்த இலையை மட்டும் கிள்ளி எடுத்துவிடுங்கள், வேரைத் தொடாதீர்கள். மூன்று நான்கு வாரத்தில் மண்ணிலிருந்து சுருட்டிய ஊசிபோல ஒரு தளிர் எட்டிப் பார்க்கும். இடம் மாற்றினாலும், தண்ணீர் திடீரென்று மாறினாலும் மறுபடி இதே கதைதான். ஆகவே நட்ட இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இது வேரால் சாப்பிடும் செடி. இரண்டு அங்குலம் மணல் போட்டு, வேரடியில் உர மாத்திரை ஒன்றைப் புதைத்தால் போதும்.

அடுத்தது அனுபியாஸ். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் ஓடைகளில் பாறையிலும் விழுந்த மரத்திலும் பற்றிக்கொண்டு வளர்வது. இதுவும் சேம்புக் குடும்பம்தான். தடித்த, கரும்பச்சை இலை. வாங்கியதும் அடிப்பக்கம் பாருங்கள்: விரல் தடிமனில் படுக்கையாக ஒரு பச்சைத் தண்டு, அதிலிருந்து மேலே இலை, கீழே வேர். அந்தப் படுக்கைத் தண்டை மண்ணில் புதைக்கவே கூடாது. புதைத்தால் கொழகொழவென்று அழுகி நாறும். ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள். சில மாதத்தில் வேரே பிடித்துக்கொள்ளும், நூலை வெட்டி எடுத்துவிடலாம். ஒரு புது இலைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இலை இவ்வளவு மெதுவாக வருவதால் பழைய இலையில் பாசி குடியேற நேரம் கிடைத்துவிடுகிறது. லைட்டுக்கு நேர் கீழே வைக்காமல் மற்றச் செடியின் நிழலில் வையுங்கள்.

ஜாவா ஃபெர்னையும் இப்படியே கட்டிவிடலாம். இலைக்கு அடியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளி வந்தால் நோய் என்று இலையை வெட்டிவிடாதீர்கள், அவை வித்துகள். நாளடைவில் இலை நுனியிலேயே வேரோடு குட்டிச் செடி முளைக்கும். அதைக் கிள்ளி இன்னொரு கல்லில் கட்டினால் அடுத்த செடி ரெடி. ஜாவா மாஸுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, எங்கே போட்டாலும் வளரும்.

போர் தண்ணீர் உப்பு, அதில் செடி வருமா என்ற கேள்வி தவறாமல் வரும். கடின நீருக்கென்றே ஒரு செடி இருக்கிறது: நாடாபோல நீள இலை கொண்ட வேலிஸ்னேரியா. கரியமில வாயு தண்ணீரில் தீர்ந்தாலும், கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் திறமை அதற்கு உண்டு. முன்சொன்ன செடிகளைவிடக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கேட்கும், அவ்வளவுதான். விளக்கின் நேர் கீழே பின்வரிசையில் நடுங்கள்.

நம் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தண்ணீர் சூடாகச் சூடாகச் செடியின் சுவாசம் கூடும், அதாவது செலவு கூடும். வெளிச்ச வரவோ அதேதான். மார்கழியில் நன்றாக இருந்த ஜாவா ஃபெர்ன் சித்திரையில் பழுத்துப் போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். அப்போது உரம் ஊற்றாதீர்கள், லைட்டைக் கூட்டாதீர்கள். மூடியைத் திறந்து, சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் வீசவிடுங்கள். ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். குறைந்த தண்ணீரை மட்டும் தினமும் ஊற்றி நிரப்ப வேண்டும்.

கடைசியாக வேலம்பாசி. ஏரி குளத்தில் தானாகக் கிடக்கும் ஹைட்ரில்லா. முழு வெயிலில் நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம் கிடைத்தாலே வளரக்கூடிய செடி. அவ்வளவு சிக்கனமானது. புதுத் தொட்டியில் மீன் கழிவின் அமோனியாவை மளமளவென்று உறிஞ்சுவதால் முதல் மாதத்துக்கு நல்ல துணை. ஏரியிலிருந்து எடுத்தால் அட்டையும் தும்பிப் புழுவும் கூடவே வரும். தும்பிப் புழு மீன் குஞ்சைத் தின்றுவிடும். கொத்துக் கொத்தாக உதறி, படிகாரம் கரைத்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள்.

இதே வேலம்பாசியை 1950களில் மீன் தொட்டி வியாபாரத்துக்காக அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோனார்கள். தொட்டியிலிருந்து கால்வாய்க்குப் போய், ஏரி ஏரியாக அடைத்து, இன்றுவரை அதை அகற்ற அங்கே பெரும்பணம் செலவாகிறது. இலங்கையின் கிரிப்டோகரைன் பெக்கட்டி இனம் டெக்சாஸின் சான் மார்கோஸ் ஆற்றில் வேர்விட்டு, ஆட்கள் இறங்கிப் பிடுங்க வேண்டியதாயிற்று. கேரளத்தில் கோழிக்கோடு பக்கம் ஆவளப் பாண்டியில் 2020இல் கால்வாய் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்துக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் பார்க்கப் போனது தென்னமெரிக்கத் தொட்டிச் செடியான கபோம்பாவை. கொஞ்சம் கிடைத்தாலே பிழைக்கும் குணம் தொட்டிக்குள் வரம், ஏரிக்குள் ஆபத்து. ஆகவே உங்கள் தொட்டியில் கத்தரித்த செடி எதுவானாலும், ஒரு துண்டுகூடச் சாக்கடையிலோ குளத்திலோ போய் விழவேண்டாம். மாடியில் போட்டுக் காயவிட்டு, சருகானதும் ரோஜாத் தொட்டிக்கு உரமாகப் போடுங்கள்.