ரப்பர் மீன்

அந்தமான் கடற்கரையில் நண்பர்கள் சேர்ந்து தூண்டில் போடுகிறார்கள். முள்ளில் இறால் இல்லை, புழு இல்லை. மெத்தென்ற ரப்பர் மீன்தான். அதற்கு உயிர் ஏது? கைதான் உயிர் கொடுக்கிறது.

முள்ளின் தலையில் ஈயம் உண்டு. வீசியதும் மூழ்கும். மெல்ல இழுக்க வேண்டும். நிறுத்த வேண்டும். மறுபடி இழுக்க வேண்டும். ரப்பர் வால் ஆடும். அடிபட்ட மீன் என்று நினைத்துப் பாறை மீன் கவ்வும். புதியவர் அவசரப்படுவார். "மெதுவா இழுங்கண்ணே" என்பார் பக்கத்தில் நிற்பவர். வீசும்போது பின்னால் ஆள் நிற்கக் கூடாது. முள் கண்ணைக் குத்திவிடும்.

மீனைவிடப் பெரிய விஷயம் முதலை. அந்தமானில் உப்பு நீர் முதலைகள் உண்டு. 2010-இல் ஹேவ்லாக் தீவில் கடலில் இறங்கிய பயணி ஒருவரை முதலை கொன்றது. அத்தீவுக்கு இன்று சுவராஜ் தீவு என்று பெயர். அலையாத்திக் காட்டு ஓடை ஓரம் தூண்டில் போட வேண்டாம். சிக்கிய முள்ளை எடுக்க முழங்கால் தண்ணீரில்கூட இறங்க வேண்டாம். நரம்பை அறுத்துவிடலாம்.