சுவரில் இருப்பவர்கள் யார்?



நம்ம ஊரில் பல வீடுகளில் கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று சுவரில் தொங்கும். பின்னால் பெரிய மாளிகை, பக்கத்தில் பூச்சாடி. அந்த மாளிகை நம்ம தாத்தாவுடையது இல்லை, ஸ்டூடியோக்காரர் திரையில் வரைந்து வைத்தது!

ஜெலட்டின் என்ற பசை போன்ற பொருளில் வெள்ளி உப்பைக் கலந்து காகிதத்தில் பூசியிருப்பார்கள். ஒளி பட்ட இடத்தில், மருந்துத் தண்ணீரில் கழுவும்போது, அந்த உப்பு வெள்ளியாக மாறும். அந்த நுண்ணிய வெள்ளித் துகள்தான் கறுப்பாகத் தெரிகிறது. அப்படிப் பார்த்தால் தாத்தாவோட கறுப்பு மீசை முழுக்க வெள்ளிதான்!

ஜெலட்டினுக்குத் தண்ணீர் ஆகாது. ஊறினால் உப்பிக் குழையும், காயும்போது கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி வீடுகளுக்குள் வந்தபோது, எல்லாரும் முதலில் அரிசியையும் சர்டிபிகேட்டையும்தான் தூக்கினார்கள். அது சரிதான். ஆனால் படம் நனைந்தால் ஈரம் காயும் முன்பே சட்டத்தில் இருந்து எடுத்துவிடணும். நல்ல தண்ணீரில் தேய்க்காமல் அலசி, முகம் மேலே பார்க்க, நிழலில் காயப்போடணும். இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடிச்சுரும். ஏற்கெனவே ஒட்டிப்போனதைப் பிய்க்காதீங்க. கண்ணாடியோடு அப்படியே செல்போனில் படம் எடுத்து வையுங்க.

1880 முதல் 1980 வரை தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் எடுத்த படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிக் கணினியில் ஏற்றியிருக்கிறது. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் அதற்கு உதவியது. ஆனால் நம்ம வீட்டுப் படத்தில் நிற்பது யாருன்னு எந்த நிறுவனம் சொல்லும்? ஆச்சிதான் சொல்லணும்.

எங்க ஆச்சியோட கல்யாணப் படத்தில் 23 பேர். ஓரத்தில் நிற்கும் சின்னப் பிள்ளையைக் காட்டி, "இது யாரு ஆச்சி?"ன்னு கேட்டேன்.

"எங்க தங்கச்சிட்டி. மறு வருசமே அம்மை போட்டுப் போயிட்டா. அவளுக்குன்னு இருக்கது இந்த ஒரு படந்தான்"னு சொன்னாவ.

இப்படி ஒரு சின்ன ஆச்சி இருந்தது எங்க அப்பாவுக்கே தெரியாது.

அவங்க பெயரைப் படத்தின் பின்னால் எழுதிவிட்டேன், பென்சிலால். பேனா மை நாளாக நாளாக ஊறி முன்பக்கம் வந்துரும். அழுத்தி எழுதினால் முகத்தில் பள்ளம் விழும். பெயர், உறவுமுறை, ஊர், வருசம், இவ்வளவு போதும்.

ஆச்சிக்கு 19 பேரைத்தான் அடையாளம் தெரிந்தது. மீதி நாலு பேரை ஆச்சியோட மதினிக்குத் தெரியுமாம். அவங்க சேரன்மகாதேவியில் இருக்காவ. பொங்கல் லீவுக்குப் படத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போகப்போறேன்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி, பேட்டை