சுவரில் ஒட்டிய வானம்

வெள்ளை மாளிகையின் தரைத்தளத்தில் முட்டை வடிவில் ஒரு வரவேற்பறை இருக்கிறது. அதன் சுவரைச் சுற்றி வந்தால் நயாகரா அருவியையும் வர்ஜீனியாவின் பாறைப் பாலத்தையும் நியூயார்க், பாஸ்டன் துறைமுகங்களையும் பார்த்துவிடலாம். எல்லாம் அச்சிட்ட காகிதம். பிரான்சின் அல்சாஸ் பகுதியில், ரிக்ஸ்ஹைம் என்ற ஊரில் இருக்கும் ஜூபேர் நிறுவனம் 1834இல் தயாரித்த 'வட அமெரிக்கக் காட்சிகள்' என்னும் வால்பேப்பர் அது. மேரிலாந்தில் இடிபடவிருந்த ஒரு வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்து 1961இல் இங்கே ஒட்டினார்கள்.

இதை அச்சிட்ட விதம் மலைக்க வைக்கும். 32 நீளத் தாள்கள், 223 நிறங்கள், 1,690 மரக்கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் படத்தின் ஒரு துணுக்கு மட்டும் செதுக்கப்பட்டிருக்கும். ஓர் இலையின் வெளிச்சப் பக்கம், ஒரு சட்டையின் மடிப்பு. சாயத்தில் தோய்த்துக் குறி பிசகாமல் அழுத்த வேண்டும். காய்ந்த பிறகுதான் அடுத்த நிறம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வானம். மேலே அடர்ந்த நீலம் கீழே வர வர வெளிறும்படி அதைத் தூரிகையால் பூசியிருப்பார்கள். வேண்டுமென்றே மிக உயரமாக விட்டிருப்பார்கள். கூரை தாழ்ந்த வீடென்றால் வானத்தை வெட்டிக்கொள்ளலாம். அருவிக்கும் மனிதர்களுக்கும் சேதமில்லை.

ஓவியத்தை வகுத்தவர் ழான்-ழூலியன் டெல்டில். அமெரிக்காவைச் சுற்றி வந்த மில்பேர் என்பவரின் கல்லச்சுப் படங்களே அவருக்கு ஆதாரம். அதனால்தானோ என்னவோ, அந்த அமெரிக்காவில் சேறில்லை, எல்லோரும் நல்ல உடையில் உலாவுகிறார்கள். பார்க்க ஆசைப்பட்ட ஊரைத்தான் மக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள்.

இன்றைய அமெரிக்க ஓவியர் ஆடம் ஸ்வியானோவிச் அப்படிப்பட்ட ஊருக்குப் பதிலாகச் சுவரில் புறநகரை வைக்கிறார். அறை நிறையும் அவருடைய ஓவியங்களை இந்த மரபின் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன். 2005இல் அவர் தீட்டிய 'காதல் கவிதை'யில், புவியீர்ப்பு நின்றுபோய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் புறநகரின் வீடுகளும் வீட்டுச் சாமான்களும் பெயர்ந்து வானில் மிதக்கின்றன. ஜூபேர் வெட்டித் தள்ள வசதியாக விட்டுவைத்த வெற்று வானம் இங்கே வீடுகளால் நிரம்பிவிட்டது.

அவர் தீட்டுவது டைவெக் என்ற பிளாஸ்டிக் தாளில். சுவரில் ஒட்டலாம், உரித்துச் சுருட்டி வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம். புறநகர் வீடு கட்டும்போது, ஈரம் உள்ளே இறங்காமலிருக்க மரச்சட்டத்தைச் சுற்றிப் போர்த்துவதும் இதே தாள்தான். வெளிப்பலகை அடித்ததும் அது கண்ணில் படாது.

மறைந்துகிடந்த அந்தத் தாளே இப்போது வெளியே வந்து, பறந்துபோகும் வீடுகளைத் தாங்கி நிற்கிறது.