காருக்குப் பின்னே படகு



விடுமுறை நாளின் விடியற்காலையில் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கோலசிலாங்கூருக்கு வரும் சாலையில், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்கு நடுவே, படகு ஒன்றை இழுத்துக்கொண்டு குடும்பக் கார் வருவதைச் சில வேளைகளில் காண்கிறோம். காருக்குள் மனைவி மக்கள், தூண்டில் கோல்கள், கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக். பின்னே இரண்டு சக்கர டிரெய்லரில் கண்ணாடியிழைப் படகு. தோட்டப்புறத்துப் பிள்ளைகள் சொந்தப் படகு வாங்கி ஆற்று முகத்துவாரத்திற்கு மீன் பிடிக்கப் போவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்த டிரெய்லரில் பாரம் எங்கே இருக்கவேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

இதற்கான விடை நமக்குப் புதியதன்று. 1917-ஆம் ஆண்டு இந்நாட்டில் முதன்முதலாக வாணிப முறையில் செம்பனை பயிரிடப்பட்ட தென்னமாரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் உள்ளது. தோட்டங்களில் மாட்டுவண்டி ஓடிய காலத்து வண்டிக்காரரை எண்ணிப் பாருங்கள். மூட்டைகளை ஏற்றியதும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரமானாலோ நுகம் மேலெழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டை நெரிக்கும். முன்பாரம் சிறிதளவு இருக்கவேண்டும் என்பதே அவருடைய கணக்கு.

டிரெய்லருக்கும் அதே கணக்குத்தான். மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, காரின் பின்னால் உள்ள இரும்புக் குண்டின் மீது அழுந்தவேண்டும். படகு 350 கிலோ, எந்திரம் 80, எண்ணெய்த் தொட்டி 20, டிரெய்லர் 200 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 650 கிலோ. குண்டின் மீது ஏறத்தாழ 65 கிலோ வரவேண்டும். சமதரையில் டிரெய்லரின் முன்தண்டை, குண்டு இருக்கும் உயரத்தில், ஒரு தராசின் மேல் முட்டுக்கொடுத்து நிறுத்தினால் இது தெரிந்துவிடும். அந்த 65 கிலோவும் காரின் பின்பெட்டியில் ஏறிய பாரமே. காரின் கையேட்டில் எவ்வளவு இழுக்கலாம் என்று குறித்திருக்கும். அந்த அளவை மீறலாகாது. இழுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாலோ, ஒன்றுமே சொல்லாமல் விட்டிருந்தாலோ, அந்தக் காரில் கொக்கி மாட்டாதீர்கள். பட்டறைக்காரர் மாட்டித் தருவார் என்பது வேறு விஷயம்.

படகு இயல்பாகவே பின்பாரம் கொண்டது. எந்திரம் பின்சுவரில் தொங்குகிறது. எண்ணெய்த் தொட்டியும் ஐஸ் பெட்டியும் அதனருகே இருக்கின்றன. பின்பாரம் மிகுந்த டிரெய்லர், லாரி கடந்து போகும் காற்றிலோ பாலத்தின் குறுக்குக் காற்றிலோ வாலாட்டத் தொடங்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, காரையே திருப்பிவிடக் கூடும். அப்போது அச்சத்தில் பிரேக்கை ஓங்கி மிதிப்பவர்கள் உண்டு. வேகமாகப் போனால் நேராகிவிடும் என்று எண்ணுபவர்களும் உண்டு. இரண்டும் தவறு. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுக்கவேண்டும். பிறகு ஓரமாக நிறுத்தி, கனமான பொருள்களை அச்சுக்கு முன்னே நகர்த்தவேண்டும். வேகம் 80 கிலோமீட்டரிலிருந்து 60-க்குக் குறைந்தாலே, பிரேக் அடக்கவேண்டிய ஆற்றல் கிட்டத்தட்டப் பாதியாகிறது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

நம் பக்கத்து மாலை மழையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டு வாசலில் மூடாமல் நிற்கும் படகின் அடியில், இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் ஆழமுமாக நீர் தேங்கினால் அது 200 லிட்டர், அதாவது 200 கிலோ. அதுவும் அசையாத பாரமன்று. மேட்டில் ஏறும்போது பின்னுக்கும் பிரேக் போடும்போது முன்னுக்கும் ஓடும். ஆகவே பயணத்தின்போது படகின் வடிகால் தக்கையைக் கழற்றியே வைத்திருக்கவேண்டும்.

படகை முன்னே ஒரு கயிற்றால் மட்டும் கட்டுவது போதாது. பின்புறத்தையும் டிரெய்லரோடு பட்டையால் இறுக்கவேண்டும். காவல் சங்கிலிகள் இரண்டையும் முன்தண்டின் அடியில் குறுக்காகப் போட்டால், கொக்கி கழன்றாலும் தண்டு சாலையில் குத்தாமல் சங்கிலியில் தங்கும். சிறிது தூரம் ஓடியபின் நிறுத்தி, சக்கரக் குடத்தின் அருகே கையை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் வீசினால் அந்தப் பக்கத்துப் பேரிங் கெட்டுக்கொண்டிருக்கிறது. சூடான சக்கரத்தை உடனே ஆற்றில் இறக்கினாலும் கேடுதான். குளிரும்போது பேரிங் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதுவும் முகத்துவாரத்து உப்புநீரை.

படகுத்துறைச் சரிவில் காரைப் பின்னோக்கி இறக்கும் முன், உள்ளே இருப்பவர்கள் அனைவரும் இறங்கிவிடவேண்டும். கோலசிலாங்கூரில் நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறி இறங்குகிறது. நீர் இறங்கிய வேளையில் சரிவின் கீழ்ப்பகுதி சேறும் பாசியுமாக இருக்கும். குடும்பக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் ஓடுபவை. சரிவில் பாரம் பின்னே சாய்வதால் முன்சக்கரத்தின் பிடி குறைந்து, ஏற முடியாமல் வழுக்கி இறங்கும். நீர் ஏறும் வேளையைப் பார்த்துப் போவதே உசிதம். ஒருவர் வெளியே நின்று வழிகாட்ட, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தபின் படகை அவிழ்க்கலாம். அதற்கும் முன், கழற்றி வைத்த அந்தத் தக்கையை மறுபடியும் பொருத்திவிடுங்கள்.