சுவரொட்டி வைத்தியமும் ஸ்டாப்வாட்ச் கணக்கும்

தென்மாவட்ட பஸ் ஸ்டாண்டுகளின் கழிப்பறைச் சுவரைப் படிக்காத ஆண் இருக்க முடியாது. ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ சங்கரன்கோவிலோ, எந்த ஊரானாலும் வாசகம் மாறாது: நரம்புத் தளர்ச்சி, சொப்பன ஸ்கலிதம், சீக்கிரம் விந்து வெளியேறுதல். வைத்தியர் எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் தங்குவார் என்ற விவரமும் ஒரு செல்போன் எண்ணும் கூடவே இருக்கும்.

இந்த விளம்பரமே சட்டப்படி குற்றம். 1954-ல் வந்த மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம், பாலியல் திறனைக் கூட்டுவதாகச் சொல்லி எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை. மறுபடியும் செய்தால் ஒரு வருடம் வரை. சட்டத்துக்கு 70 வயது தாண்டிவிட்டது, ஆனால் சுவரொட்டி ஓயவில்லை. காரணம், வாடிக்கையாளர் யாரும் புகார் கொடுப்பதில்லை. ஏமாந்ததைச் சொன்னால் எதற்காகப் போனோம் என்பதையும் சொல்ல வேண்டி வருமே!

எத்தனை நிமிடம்?

உடலுறவு 'அரை மணி நேரம்' நீடிக்க வேண்டும் என்பது ஆபாசப் படங்களும் நண்பர்களின் பீற்றலும் கிளப்பிவிட்ட கணக்கு. நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் சுமார் 500 தம்பதிகளிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்து அளந்தார்கள். 2005-ல் வெளியான அந்த ஆய்வில் உடலுறவு நேரத்தின் இடைநிலை அளவு 5.4 நிமிடம். அதாவது, பாதிப் பேருக்கு அதற்கும் குறைவு.

அப்படியானால் எது கோளாறு? சர்வதேசப் பாலியல் மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி மூன்று அம்சங்கள் சேர்ந்திருக்க வேண்டும். முதல் அனுபவத்திலிருந்தே ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவது, அல்லது நன்றாக இருந்த நேரம் பிற்பாடு மூன்று நிமிடமாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துபோவது; தள்ளிப்போட முடியாமல் இருப்பது; அதனால் மனவேதனை. நாலு நிமிடத்தில் முடிகிறதே என்று கவலைப்படுகிறவருக்கு மருந்து வேண்டாம், இந்தத் தகவலே போதும்.

பயமும் அவசரமும்

'40 சொட்டு ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு விந்து' என்ற பேச்சு எத்தனையோ இளைஞர்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. விந்தின் பெரும்பகுதி புராஸ்டேட்டும் விந்துப் பைகளும் சுரக்கும் திரவம். போனால் மறுபடி ஊறும். கைப்பழக்கத்தால் நரம்பு தளராது. விந்து போவதால் உடம்பே உருக்குலைகிறது என்று நம்பி நோயாளியாகிறவர்களைப் பார்த்து, மனநல மருத்துவர் என்.என். விக் 1960-லேயே 'தாத் சிண்ட்ரோம்' என்று அந்த நிலைக்குப் பெயர் வைத்தார். லாட்ஜ் வைத்தியத்தின் மூலதனம் இந்தப் பயம்தான்.

வாழ்க்கை முறையும் சேர்ந்துகொள்கிறது. ராஜபாளையம் நூற்பாலைகளால் வளர்ந்த ஊர். இரவு ஷிப்ட் முடிந்து கணவன் வரும்போது மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகள் ஒரு பக்கம், பெரியவர்கள் ஒரு பக்கம். யாராவது எழுந்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில் முடிக்கப் பழகியவருக்கு நிதானம் எளிதில் வராது. ஒருமுறை முந்திவிட்டால், அடுத்த முறையும் அப்படி ஆகுமோ என்ற பயம் இன்னும் முந்த வைக்கும்.

செலவில்லாத பயிற்சி

1956-ல் ஜேம்ஸ் செமன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய 'நிறுத்தித் தொடங்கும்' முறை இன்றும் சொல்லித்தரப்படுகிறது. உச்சத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்த வேண்டும். வேகம் தணிந்ததும் தொடர வேண்டும். சில வாரங்கள் பழகினால், எல்லை நெருங்குவது முன்கூட்டியே பிடிபடும். மனைவியின் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடக்காது. ஆகவே முதலில் அவரிடம் பேசியாக வேண்டும்.

இரண்டாவது, இடுப்புத் தளத் தசைப் பயிற்சி. சிறுநீரைப் பாதியில் நிறுத்த எந்தத் தசையை இறுக்குவோமோ, அதை 5 விநாடி இறுக்கி 5 விநாடி தளர்த்துவது. 10 தடவை, தினமும் 3 வேளை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

இவை போதாவிட்டால் மருந்து உண்டு. உறவுக்கு முன் போடும் டபாக்ஸிடின், தினமும் குறைந்த அளவில் எடுக்கும் பராக்ஸிடின், மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் களிம்பு. களிம்பைத் துடைத்துவிட வேண்டும், அல்லது ஆணுறை அணிய வேண்டும். இல்லாவிட்டால் மனைவிக்கும் உணர்ச்சி மரத்துவிடும். டபாக்ஸிடின் சிலருக்கு மயக்கம் தரும், இதயநோயாளிகள் பலருக்கு ஆகாது. எனவே மருந்துக் கடையில் நேராகக் கேட்டு வாங்கும் விஷயமில்லை இது.

சதுரகிரியின் பெயரால்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் என்பதால் இந்தப் பக்கம் 'சதுரகிரி மூலிகை' என்றாலே மவுசு. ஆனால் சதுரகிரி மலை 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. நினைத்தவர் நினைத்தபடி வேர் பறிக்கும் இடமல்ல. 'மூலிகை' என்று விற்கும் வீரிய மாத்திரைகளில் விறைப்புக் கோளாறுக்கான சில்டெனாஃபில் மருந்து கலந்திருந்ததை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உட்படப் பலர் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் தெரியாமல் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் பட்டம் படித்துப் பதிவு பெற்றவரிடம் போகலாம். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊரிலும் அரசு மருத்துவமனை உண்டு. அங்கிருந்து விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். பார்க்க வேண்டியது சிறுநீரியல் (யூராலஜி) அல்லது மனநலப் பிரிவு. எப்படிச் சொல்வது என்று கூச்சப்படுகிறவர்கள் நாலே விஷயம் சொன்னால் போதும்: எப்போதிலிருந்து, ஒவ்வொரு முறையுமா சில சமயமா, விறைப்பு சரியாக இருக்கிறதா, சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் உண்டா. மிச்சத்தை மருத்துவரே கேட்டுக்கொள்வார்.